மார்த்தா மாடி ஏறுகிறாள்

முதலில் செருப்புச் சத்தம்தான் வரும். குதிகால் உயர்ந்த செருப்பு, ஈரக் கல் பாவிய தெருவில், டக், டக், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மறுபடி டக். படம் வர நேரமாகும். இந்தப் பழைய டிவியின் படக்குழாய் சூடேற வேண்டும். அதுவரை கறுப்புக் கண்ணாடியில் என் முகமும் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் விழுந்த காலை வெயிலும்தான் தெரியும், அந்த வெயிலுக்குள் கண்ணுக்குப் படாத ஒரு பெண் நடந்து வருவாள். பிறகு சாம்பல் பூத்த மாதிரி படம் எழும்பும், பனி, டிராம் வண்டி, நீளக் கோட்டுப் போட்ட மனிதர்கள், நடுவில் மார்த்தா. தொடருக்குக் குளிர்நாட்டு ஒற்றர்கள் என்று நம்மூர் சேனல்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள், அசல் பெயர் என்னவோ, எந்தத் தேசத்தில் எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. மார்த்தா உளவுக்காரி. விக்டர் என்றொருவன் அவளோடு சேர்ந்து வேலை பார்ப்பவன், அவனை நம்பலாமா கூடாதா என்பதுதான் மொத்தக் கதையும். மார்த்தா வாயைத் திறந்தால் தமிழ் வரும். அந்தத் தமிழ், டப்பிங் பேசிய என் மனைவி செண்பகவல்லியுடையது. பாதி தொடர் வரைக்கும். அந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதுதான் எனக்கு இப்போது தெரியவில்லை, இரண்டு நாளாகத் தெரியவில்லை, ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை முடிந்து வந்து படுக்காமல் உட்கார்ந்து டிவிடி தட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், கண் எரிகிறது, தெரியவில்லை. தெரியவில்லை என்று மிருதுளாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மிருதுளா எங்கள் ஒரே பெண். வளைகாப்பு முடித்து ஓசூரிலிருந்து இங்கே வந்திருக்கிறாள், வழக்கப்படி தாய்வீட்டுக்கு, தாய் இல்லாத தாய்வீட்டுக்கு. அவள்தான் தொடர் முழுக்க இருக்கிற இந்தத் தட்டுப் பெட்டியை யாரோ பழைய சாமான் விற்கிறவரிடம் போனில் தேடிப் பிடித்து வரவழைத்தாள். பெட்டி வந்த அன்று ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். இந்த மாதத்திலிருந்து உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் காது கேட்குமாம், அடிக்கடி கேட்கிற குரலைப் பிறந்த பிறகும் அடையாளம் தெரிந்துகொள்ளுமாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாளாம். அதனால் அம்மா குரலைக் கொஞ்சம் தன் போனில் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறாளாம், தினம் போட்டுக் காட்டப் போகிறாளாம். அம்மா பேசிய இடத்தை நீங்க மட்டும் காட்டிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன் என்றாள். கதவு இடம்தானே என்று அவளே பதிலும் சொல்லிவிட்டாள். கதவு இடம் என்பது இதுதான்: மார்த்தா எங்கோ ஒரு கடைக்குள்ளிருந்து விக்டருக்குப் போன் செய்வாள், அந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள், மார்த்தா சொல்வாள், கதவைத் திறக்காதே விக்டர், வெளியே நிற்பது நான் இல்லை. டிவியிலிருந்து நான் பிடித்து வைத்த ஒரு கேசட்டில் அந்தப் பகுதி இருந்தது, மிருதுளா பள்ளிக்கூடம் போகிற நாளில் பூஞ்சை பிடித்துப் போகும்வரை அதைத்தான் போட்டுக் காட்டுவேன், இதுதாண்டா உங்கம்மா என்பேன். குளியலறைக்குள் புகுந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டு அவள் கத்துவாள், கதவைத் திறக்காதே விக்டர். நான் வெளியே நின்று, ஸ்கூல் பஸ் போயிடும் மார்த்தா, வெளியே நிக்கிறது உங்கப்பன்தான் என்பேன். அப்படி விளையாடி வளர்ந்த பிள்ளை. அந்த ஒரு வசனம்தான் அவளுக்கு அம்மா. இரண்டு நாளைக்கு முன்னால் இந்தத் தட்டில் அந்த இடம் வந்தபோது, மார்த்தா வாயைத் திறந்து அதைச் சொன்னபோது, எனக்குள் யாரோ மெதுவாக, இது லூர்து என்றார்கள், மீதிப் பாதிக்கு மார்த்தாவாகப் பேசிய லூர்து.

லூர்துதானா. சொன்னது யார், என் காதா, என் பயமா. காதை நம்ப முடியாது. வாலிபம் முழுக்கக் கம்பிரஸர் பக்கத்தில் போயிற்று, அது ஓடுகிறபோது பேச்சு கேட்காது, கையைக் காட்டித்தான் ஐஸ் கேனை இறக்கச் சொல்வோம், நின்ற பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். போன வருஷம் காதைச் சோதித்த டாக்டர், மெல்லிய சத்தமெல்லாம் தேய்ந்துவிட்டது பெரியவரே என்றார், என்னைப் பெரியவரே என்றது அன்றைக்கு அதைவிட வலித்தது. ஆனால் காது மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியுமா. காது தேயாத காலத்தில் மட்டும் அவள் குரலை நான் எவ்வளவு கேட்டேன். நான் விடிந்து வீட்டுக்கு வருவேன், அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ஸ்டுடியோவுக்குக் கிளம்புவாள். அவளுக்குப் பக்கம் என்றுதான் சாலிகிராமத்தில் வீடு, நான்தான் இரண்டு பஸ் மாறிக் காசிமேட்டுக்குப் போனேன். அவள் பேசிக் களைத்து வருகிற நேரம் நான் சட்டை மாட்டுவேன். வீட்டில் தொண்டையைச் செலவு செய்ய மாட்டாள், அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தானாம், வெந்நீரைக் குடித்துக்கொண்டு சைகையில் பேசுவாள், உப்பு வேணுமா என்று புருவத்தால் கேட்பாள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டிக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா தம்பி என்று விசாரித்தாள். ஆக நான் அவள் குரலைக் கேட்டது டிவியில். வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி, மார்த்தாவின் வாய் வழியாக. பக்கத்தில் அவளே உட்கார்ந்து வாய் திறக்காமல் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பாள், அங்கே வெளிநாட்டுக்காரி அவள் குரலில் பேசிக்கொண்டிருப்பாள். அது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. கல்யாணக் கேசட் இருக்கிறதே என்று மிருதுளா ஒருமுறை கேட்டாள். இருக்கிறது, அதைத் தட்டாக மாற்றியும் வைத்திருக்கிறேன். அதில் செண்பகா தோழிகளோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாள், நான் தலையாட்டுகிறேன். வீடியோக்காரர் ஒரு சத்தத்தையும் விட்டுவைக்கவில்லை, எல்லாக் கல்யாணத்துக்கும் செய்வது போல ஆரம்பம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவள் தன் கல்யாணத்தில் ஊமையாக உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தாகமாக இருக்கிறதா என்றா. நான் ஏன் தலையாட்டினேன்.

பிறகு தொண்டையில் அந்தக் கட்டி. மிருதுளா தவழ்ந்துகொண்டிருந்தாள். தொடர் பாதியில் நின்றால் சேனலுக்குக் கெட்ட பெயர், மார்த்தாவின் குரல் மாறியது ஜனங்களுக்குத் தெரியவும் கூடாது, ஆகவே செண்பகாவே ஆளைத் தேர்ந்தெடுத்தாள், கூட்டத்தில் குரல் கொடுத்துக்கொண்டிருந்த லூர்துமேரியை, தூத்துக்குடிப் பெண்ணை. லூர்து காலையில் வீட்டுக்கு வருவாள். செண்பகா கட்டிலில் சாய்ந்து, இருக்கிற கொஞ்சம் குரலில் ஒரு வசனத்தைச் சொல்வாள், லூர்து திருப்பிச் சொல்வாள், செண்பகா தலையசைத்து மறுபடி சொல்வாள். மூக்கில் பேசாதே. கடைசி எழுத்தை விழுங்கு, மார்த்தா வாய் அதற்குள் மூடிவிடும். நான் அதே அறையில் மூலையில் பாயில் கிடப்பேன், வேலை முடிந்து வந்த அசதியில், பாதித் தூக்கத்தில். ஒரே வசனம் இரண்டு தடவை வரும். கொஞ்ச நாள்வரை எது செண்பகா எது லூர்து என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. பிறகு ஒரு நாள் முடியவில்லை. கண்ணைத் திறக்கலாம்தான், திறந்தால் தெரிந்துவிடும்தான், ஆனால் நான் திறக்கவில்லை, இரண்டும் அவள்தான் என்று தூக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்பது போல. அந்த மூலைக்கே மனம் போய்ப் போய் நிற்கிறது. கதவைத் திறக்காதே விக்டர், வெளியே நிற்பது நான் இல்லை. இதையும் அந்த அறையில்தான் இரண்டு தடவை கேட்டேனா, இல்லை கேசட்டில் கேட்டுக் கேட்டு அந்த அறைக்குள் நானே கொண்டு வைத்துவிட்டேனா. அந்த அறையில் கேட்டேன் என்றால் அது லூர்து பேசியது. கேட்கவில்லை என்றால் செண்பகா. ஒரு பிள்ளை, இன்னும் கண் திறக்காத பிள்ளை, உள்ளே காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதற்கு முன்பின் தெரியாத ஒரு குரலைப் பாட்டி என்று கொடுத்துவிட்டால், அது காலத்துக்கும் அதைத்தான் தேடும். தப்பு என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தவிர, எனக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத தப்பு இன்னும் பயங்கரம்.

மிருதுளா வந்து என் முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் முருங்கைக்கீரைக் கட்டையும் வைத்துவிட்டு, சும்மா உக்காந்து அந்தம்மாவையே பாத்துக்கிட்டிருக்கிறதுக்கு இதை ஆயுங்களேன், இல்லாட்டி போய்ப் படுங்க, கண்ணைப் பாருங்க, உளவாளி மாதிரியா இருக்கீங்க, மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கீங்க என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கொஞ்சம் ஆய்ந்தேன். குளியலறையில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் கீரையை வைத்துவிட்டு லூர்துக்குப் போன் செய்தேன். எத்தனையோ வருஷம் கழித்து. அவள் இப்போது மகனோடு ஊரில் இருக்கிறாள், டப்பிங்கெல்லாம் விட்டுவிட்டாள். நல்லா இருக்கியளா அண்ணே, மிருது எப்படி இருக்கா, எப்பம் நாள் குறிச்சிருக்கு என்று கேட்டுக்கொண்டே போனாள். அது ஒரு வயதான பெண்ணின் குரல், கரகரத்த, ஊர்ப்பேச்சு ஏறிய குரல், எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கதவு வசனத்தைச் சொல்லி, அது நீயா அக்காவா என்று கேட்டேன். யோசித்தாள். சொல்லிப் பாக்கட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்தக் கரகரப்பு எங்கே போயிற்றோ, தூத்துக்குடி எங்கே போயிற்றோ. என் காதுக்குள், ஈரமான பனித்தெருவிலிருந்து, வெளியே நிற்பது நான் இல்லை. இப்ப பேசினது யாரு லூர்து என்றேன், பைத்தியக்காரன் மாதிரி.

“நாந்தான் அண்ணே. ஆனா அது அக்கா பேசுனதா நான் பேசுனதான்னு எனக்கே தெரியல பாத்துக்கிடுங்க. அக்கா சொல்லிக் குடுத்த வசனமெல்லாம் எம் மண்டையில அக்கா குரல்லதான் கெடக்கு.”

அவளுக்கே தெரியவில்லை. உலகத்தில் இனி யாருக்கும் தெரியாது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவளாகச் சொன்னாள். வசனம் எதுன்னு சொல்ல முடியாது, ஆனா மூச்சு என்னுது இல்ல. புரியவில்லை என்றேன். விளக்கினாள். பேச்சு தனி, ரியாக்‌ஷன் தனி. ஓடுவது, மூச்சிரைப்பது, ஏங்குவது எல்லாவற்றையும் வசனம் முடிந்த பிறகு தனியாக மொத்தமாகக் கொடுப்பார்களாம். லூர்துக்கு மூச்சு சின்னது, மார்த்தாவின் அகலமான மாருக்கு அது பொருந்தவில்லை. ஒலிப்பதிவு செய்த ஜெயசீலன் சார், நீ பேசிட்டுப் போம்மா, மூச்சு நம்மகிட்ட ஸ்டாக் இருக்கு என்று, செண்பகா ஆரம்பத்தில் கொடுத்து வைத்திருந்த மூச்சுகளையே எடுத்து எடுத்துக் கடைசிவரை போட்டுவிட்டாராம். “அக்கா போன பெறகு வந்த பகுதியிலயும் அக்காதான் அண்ணே மூச்சு விட்டாவ. எனக்கு ஹெட்போனுல கேக்கும். நான் பேசி நிப்பாட்டுவேன், அக்கா மூச்சு விடுவாவ. நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் மைக் முன்னால நிப்பேன்.” பிறகு மிருதுவுக்குச் சுகப்பிரசவம் ஆக மாதாவிடம் வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். நான் சரிம்மா, சரிம்மா என்றேன். குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

கடைசித் தட்டைப் போட்டேன். கடைசிப் பகுதியில் மார்த்தா ஒரு மாடி ஏறுவாள். பேச்சு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது, லிப்ட் வேலை செய்யாத ஒரு பழைய கட்டடம், மேல் தளத்தில் விக்டர் இருக்கிறான், உயிரோடா இல்லையா தெரியாது, ஏறுகிறாள். அந்தக் காலத்தில் இந்த இடம் வந்தால் நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருப்பேன், இதில் கேட்க என்ன இருக்கிறது. இப்போது டிவியின் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்தேன். முதல் திருப்பம். மூச்சு ஒன்று, இரண்டு, பிறகு ஒன்று உள்ளே போகும்போது தொண்டைக்குள் யாரோ பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு சின்னத் தடங்கல், பிறகு அதை உதறிக்கொண்டு முழுசாக உள்ளே போகிறது. செண்பகா. யோசிக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, உள்ளங்கைக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி மாதங்களில் அவளுக்குப் பகல் ராத்திரி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது, நான் வந்து ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கிவிட்டுப் படுப்பேன், அவளும் என்னோடு படுப்பாள். கல்யாணமாகி முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினோம். வெளியே காய்கறிக்காரர் கூவிக்கொண்டு போவார். பேச்சு அறவே போய்விட்டது, மூச்சு மட்டும் இருந்தது, ஒன்று, இரண்டு, ஒரு இடறல், பிறகு முழுசு. இடறலுக்குப் பிறகு முழுசு வருகிறதா என்று காத்திருந்து காத்திருந்துதான் நான் தூங்கியதே. அதுதான் இந்த மாடிப்படியில். உடனே பயம் இன்னொரு பக்கமாக வந்து உட்கார்ந்தது. இது அவள் நன்றாக இருந்தபோது கொடுத்த மூச்சு, மைக் முன்னால் நின்ற இடத்தில் நின்று, கையை வீசி வீசி. அப்போதே அந்த இடறல் இருந்திருக்கிறது. கட்டி ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாரே, அப்படியென்றால் அதுவும் கூட ஏறிக்கொண்டிருந்ததா, அவளுக்கு ஒரு படி பின்னால். இல்லை, எல்லாருக்கும் ஏதோ ஒரு இடறல் இருக்கும், அது அவள் பிறவி மூச்சு. இல்லை, கட்டிதான். மார்த்தா இரண்டாவது திருப்பத்துக்கு வந்துவிட்டாள். செண்பகா செத்து, லூர்து ஜெபம் பண்ணிவிட்டுப் பேசி, அதன் பிறகும் இவளை ஏற விட்டிருக்கிறார்கள், யாருக்காகவோ, எவனோ ஒரு விக்டருக்காக, ஒவ்வொரு முறையும் யாராவது இந்தத் தட்டைப் போட்டால் இவள் இளைக்க இளைக்க ஏற வேண்டும். நிறுத்தப் போனேன். கை போகவில்லை. இதையா ஒரு பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பது, ஒரு வார்த்தை இல்லை, தாலாட்டு இல்லை, இரைக்கிற மூச்சு. ஆனால் இது ஒன்றுதான் நிச்சயம்.

மிருதுளா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், மாடி இடத்தைத் திருப்பிப் போட்டேன், இதைக் கேளு என்றேன். கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, வசனம் வருமென்று காத்திருந்தாள். இதுல பேச்சே இல்லையேப்பா என்றாள். இல்லை என்றேன். லூர்து சொன்னதை அப்படியே சொன்னேன், ஜெபம் பண்ணியதை மட்டும் விட்டுவிட்டேன்.

“அப்ப, வெளியே நிற்பது நான் இல்லை? அது அம்மா இல்லையா?”

“அது யாருன்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன் இத்தனை வருஷமா. இது தெரியும்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் துண்டை அவிழ்த்து முடியைத் துவட்டினாள், தேவைக்கு மேலேயே துவட்டினாள். எத்தனை தடவை பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு கத்தியிருப்பேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, இன்னொரு வாட்டி போடுங்க என்றாள். போட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், அந்த இடறல் வந்ததும் அவள் புருவம் சுருங்கியது, இதுவா என்று விரலைத் தூக்கினாள், நான் தலையாட்டினேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். போனை டிவிக்கு முன்னால் ஒரு தலையணை மேல் வைத்துவிட்டு, என்னிடம் அசையாதீங்க, இருமாதீங்க, மூச்சுகூட விடாதீங்கப்பா என்றாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். புழுக்கம் உடனே கவிந்துவிட்டது, நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு வந்தது, துடைக்கவில்லை. செண்பகா ஏறினாள். முதல் திருப்பம், இரண்டாவது, அந்த இருட்டான நீளமான பகுதி. கடைசிப் படியில் அவள் நிற்பாள், ஒரு கணம் எதுவுமே கேட்காது. பிறகு மிருதுளா போனை எடுத்து நிறுத்தி, காதோரம் வைத்துத் திருப்பிக் கேட்டாள். முகத்தில் ஏதோ ஓடியது.

“கடைசியில அவங்க நிக்கிற இடத்துல இன்னொரு மூச்சு விழுந்திருக்கு. உங்களுது.”

அழிச்சிட்டு மறுபடி எடு, நான் வேணா வெளியே போய் நின்னுக்கறேன் என்றேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். வேணாம், இருக்கட்டும் என்றாள். போனை இறக்கி வயிற்றின் பக்கவாட்டில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடி, அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அதிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, ரொம்பப் புழுங்குதுப்பா என்றாள். எழுந்து விசிறியைப் போட்டேன். தட்டிலிருந்த இலைகள் தரையெல்லாம் பறந்தன. கூட்டி அள்ளித் தட்டில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தேன்.